கிறிஸ்டின் ஜோர்கென்சனின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மேடைக் கலைஞராகவும் நூலாசிரியராகவும் பெயர் பெற்ற திருநங்கை கிறிஸ்டின் ஜோர்கென்சனைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரையோ சிறுநூலோ எழுத முற்படுபவர் செய்தி போதாமல் திண்டாட மாட்டார். 1952 டிசம்பர் 1 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழ் அவரைத் தன் முதல் பக்கத்தில் நிறுத்திய நாள்தொட்டு, அவரைப் பற்றி அச்சேறிய தாள்களுக்குக் கணக்கே இல்லை. இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தத் தாள்களில் பெரும்பகுதி, அறுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை மட்டும், அவற்றிலும் அவருடைய உடலை மட்டும், திரும்பத் திரும்பப் பேசுகிறது. அந்தக் குவியலை அப்படியே பின்பற்றி எழுதினால், நாம் எழுதுவதும் 1952ஆம் ஆண்டுச் செய்தித்தாளின் தமிழ்ப் படியாகவே முடியும்.

நான் எழுதிய முதல் வரைவுக்கு அதுதான் நேர்ந்தது. அவர் பால்மாற்றச் சிகிச்சை பெற்ற டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவமனையில் தொடங்கி, தேதி வாரியாகச் சிகிச்சைகளை அடுக்கி, இடையிடையே நாளிதழ்த் தலைப்புகளைச் செருகிப் பத்துப் பக்கம் எழுதியபின் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு நோயாளி இருந்தார். ஆண்டுக்கணக்கில் மேடையேறி, ஊர் ஊராகப் பயணம் செய்து, தம் உழைப்பால் பிழைத்த ஒரு பெண்ணைக் காணவில்லை. அந்த வரைவை ஒதுக்கிவிட்டு மறுபடியும் எழுதியபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே வைக்கிறேன்.

கேமராவிலிருந்து தொடங்குங்கள்

கிறிஸ்டின் 1926 மே 30 அன்று நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், டென்மார்க் வழிவந்த ஒரு குடும்பத்தில், தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போதே நீங்கள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். 'மகளாக' என்பதா, 'மகனாக' என்பதா என்ற கேள்வி முதல் வரியிலேயே வந்து நிற்கிறது. 'தச்சர் ஒருவரின் குடும்பத்தில் பிறந்தார்' என்று எழுதி நழுவிவிடலாம்தான். ஆனால் அதே கேள்வி அடுத்த பக்கத்திலும் அதற்கடுத்த பக்கத்திலும் வந்துகொண்டே இருக்கும். நான் 'மகள்' என்றே எழுதுகிறேன். 1952 ஜூன் மாதம் கோபன்ஹேகனிலிருந்து பெற்றோருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இயற்கை செய்த ஒரு பிழையைத் திருத்திக்கொண்டதாகவும், இனித் தாம் அவர்களுடைய மகள் என்றும் அவர் சொன்னார். பெற்றோரும் அன்பு குறையாமல் மறுமொழி அனுப்பினர். பெற்றவர்களும் பிள்ளையும் மனமொப்பி ஏற்ற உறவுச்சொல்லை மாற்றுவதற்கு, பிற்காலத்தில் எழுதவரும் நமக்கு உரிமை இல்லை. அதே காரணத்தால், பிறந்தபோது இட்ட பெயரைத் தேடியெடுத்து எழுதுவதையும் தவிர்க்கிறேன். அது பழைய நாளிதழ்களில் எளிதில் கிடைக்கும். அதைச் சேர்ப்பதால் அவருடைய வாழ்க்கையில் எதுவும் கூடுதலாக விளங்குவதில்லை.

அடுத்து அவருடைய தொழில் ஆசையைச் சொல்லுங்கள். இளம்வயதில் அவர் விரும்பியது நிழற்படக்கலையை; மேடையைப் பற்றி அன்று அவர் கனவு காணவில்லை. பாத்தே செய்திப்பட நிறுவனத்தின் படத்தொகுப்பு நூலகத்தில் வேலை பார்த்தார். 1945இல் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, நியூஜெர்சியிலுள்ள போர்ட் டிக்ஸ் முகாமில் எழுத்தராகப் பணியாற்றி, 1946இல் விடுவிக்கப்பட்டார். அதன்பின் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் நிழற்படப் பள்ளியொன்றில் சேர்ந்தார். பிறகு மன்ஹாட்டனில் மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றார். ஹார்மோன்களைப் பற்றிய புதிய ஆராய்ச்சிகளை அந்த ஆண்டுகளில் தாமே தேடிப் படித்து, எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் மாத்திரைகளைத் தாமே உட்கொள்ளத் தொடங்கினார். 1950இல் கப்பலேறி டென்மார்க் சென்றபோது, தமக்கு என்ன வேண்டும் என்பதை முன்பே ஆராய்ந்து தெளிந்த ஒருவராகத்தான் அவர் அங்கே போய் இறங்கினார். இந்தத் தேடலுக்கு உங்கள் கட்டுரையில் தாராளமாக இடம் கொடுங்கள். மருத்துவர்கள் கையில் தம்மை ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தவர் என்ற தோற்றம் அப்போதுதான் நீங்கும்.

டென்மார்க்கில் சிகிச்சை பெற்ற காலத்திலேயே அவர் அந்நாட்டைப் பற்றி வண்ணத்தில் ஒரு பயணப்படம் எடுத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆர்ஃபியம் அரங்கில் அந்தப் படத்தை அவர் நேரில் தோன்றித் திரையிட்டபோது, கூட்டம் வந்தது படத்தைக் காண அன்று, படமெடுத்தவரைக் காணத்தான். ஒரு படக்கலைஞராக அவர் வாழ நினைத்த வாழ்க்கை அந்த அரங்கில் முடிந்துபோனது என்றே எனக்குப் படுகிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்க விரும்பியவரை நாடு முழுவதும் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டது. அவரைப் பற்றி ஒரே ஒரு காட்சியை விரிவாக எழுத இடம் இருக்குமானால், செய்தியாளர் கூட்டத்துக்கு நடுவே அவர் அமெரிக்கா திரும்பி இறங்கிய விமான நிலையக் காட்சியை விட்டுவிட்டு நான் இதைத்தான் எழுதுவேன்.

அதன் பிறகுதான் மேடை. பாட்டும் நடனமும் முறையாகப் பயின்றிராத அவர், சில மாதங்களுக்குள் ஒரு முழு நிகழ்ச்சியைக் கற்றுக்கொண்டு, 1953 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரின் கோபா கிளப்பில் அரங்கேறினார். மேடையில் பழுத்த அனுபவம் கொண்ட மைல்ஸ் பெல் அவருக்குத் துணைநின்றார். தம்மை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பாட்டாலும் பேச்சாலும் விரைந்து மாறும் ஆடைகளாலும் கட்டிப்போட்டு, கைதட்ட வைத்து அனுப்பும் வித்தையை அவர் இரவுதோறும் பழகினார். இதை விளம்பரத்தால் கிடைத்த எளிய பணம் என்று ஒற்றை வரியில் தள்ளிவிடாதீர்கள். விளம்பரம் ஒருமுறைதான் கூட்டத்தைக் கொண்டுவரும். மறுபடியும் அழைக்கப்படுவதற்குத் தொழில் தெரிய வேண்டும். அவர் ஆண்டுக்கணக்கில் அழைக்கப்பட்டார்.

மேடையைப் பற்றி எழுதும்போது ஆண்டுகளைச் சரிபார்க்க ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பெண்ணாக இருப்பதில் தனக்குள்ள மகிழ்ச்சியை ஒரு பெண் சொல்வதாக அமைந்த புகழ்பெற்ற இசைநாடகப் பாடல் ஒன்று அவருடைய நிகழ்ச்சியின் அடையாளமாக இருந்தது. உணர்ச்சிகரமான காட்சி வேண்டும் என்பதற்காக, பிட்ஸ்பர்க் அரங்கேற்றத்திலேயே அவர் அதைப் பாடியதாக எழுதிவிடும் ஆசை வரும். அந்தப் பாடல் இடம்பெற்ற ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இசைநாடகம் மேடையேறியதே 1958இல்தான்.

தமிழில் சொல் தேர்வு

தமிழில் எழுதுபவருக்கு 'அவர்' என்ற சொல் பெரிய வசதி. ஆண், பெண் வேறுபாடு காட்டாமல் மரியாதையை மட்டும் காட்டும் சொல் அது. ஆனால் அதே வசதி, இந்த வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதியை மறைத்துவிடவும் கூடும். 1952 டிசம்பரில் ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் அவரைப் பெண்பாற் சுட்டாலேயே குறிப்பிட்டன. 1953 ஏப்ரலில் நியூயார்க் போஸ்ட் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட்டு, அவர் பெண்ணே அல்லர் என்று வாதிட்டது. அதன்பின் சில இதழ்கள் வீம்பாக ஆண்பாற் சுட்டுக்குத் திரும்பின. ஒரே ஆளை, ஒரே குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் இடையில், ஒரு பாலிலிருந்து இன்னொரு பாலுக்கு நாளிதழ்கள் மாற்றி எழுதின. இந்தச் செய்திகளைத் தமிழில் தரும்போது இரண்டையும் 'அவர்' என்று மொழிபெயர்த்துவிட்டால், அந்த அவமதிப்பு வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே உங்கள் நடையில் 'அவர்' என்றே எழுதுங்கள். நாளிதழ் வாசகத்தை எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும், மூலத்தில் இருந்தது ஆண்பாலா பெண்பாலா என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். பெயர்ச்சொற்களில் தயக்கம் வேண்டாம்: மகள், பாடகி, பெண்மணி என்று தெளிவாக எழுதலாம்.

'திருநங்கை' என்ற சொல்லை இன்று நாம் எழுதுவது சரியே. ஆனால் 1953இல் இருந்தவர்கள் அந்தப் பொருளில் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள் என்று தோன்றும்படி எழுதக் கூடாது. அவருடைய மருத்துவர்கள் 1953 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, எதிர்பாலின உடையணியும் விருப்பத்தைக் குறிக்கும் 'டிரான்ஸ்வெஸ்டிசம்' என்ற சொல்லையே தலைப்பில் கொண்டிருந்தது. 'டிரான்ஸ்செக்ஷுவல்' என்ற சொல்லை மருத்துவர் ஹாரி பெஞ்சமின் பின்னர் பரவலாக்கினார். இன்று பழகிவிட்ட 'டிரான்ஸ்ஜெண்டர்' அதற்கும் பிற்பட்டது. ஒவ்வொரு காலத்திலும் புழங்கிய சொல்லை அந்தந்த இடத்தில் ஒருமுறை விளக்கி, உங்கள் சொந்தக் குரலில் 'திருநங்கை' என்றே தொடர்ந்து எழுதினால் குழப்பம் வராது. தமிழில் முன்பு வழங்கிய இழிசொற்களைக் 'காலச் சூழலைக் காட்டுவதற்காக' என்று சொல்லிக்கொண்டு சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. அவை நம் ஊர்ச் சொற்கள், அவருடைய காலத்துக்கும் நாட்டுக்கும் உரியவை அல்ல.

பெயரின் ஒலிப்பு ஒரு சிறு செய்தி. டேனிஷ் மொழியில் அந்தக் குடும்பப் பெயர் யகர ஒலியோடு தொடங்கும். அமெரிக்க வழக்கில் ஜகரம் வரும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் 'ஜோர்கென்சன்' என்று எழுதுவதே பொருத்தம். 'கிறிஸ்டின்' என்ற பெயரை, தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கருக்கு நன்றிசொல்லும் விதமாக அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

சான்றுகளை எடைபோடுதல்

இவருடைய வாழ்க்கைக்கு நான்கு வகைச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றில் நாளிதழ்களைத்தான் மிகுந்த ஐயத்தோடு படிக்க வேண்டும். டெய்லி நியூஸின் புகழ்பெற்ற தலைப்பு, முன்னாள் படைவீரர் ஒருவர் பொன்னிறக் கூந்தல் அழகியாகிவிட்டார் என்று பொருள்படும்படி அமைந்தது. 'படைவீரர்' என்றதும் வாசகர் மனத்தில் எழுவது போர்முனை. அவர் பணியில் சேர்ந்தபோது இரண்டாம் உலகப்போர் முடிந்துவிட்டது, முகாமில் அவர் பார்த்தது எழுத்தர் வேலை. தலைப்பு பொய்யன்று, ஆனால் ஆண்மையின் உச்சமும் பெண்மையின் உச்சமும் ஒரே வரியில் நின்றால் இதழ் விற்கும் என்று தெரிந்து கோத்த தலைப்பு. அந்தத் தலைப்பை எடுத்துக்காட்டும்போது, உடனே அடுத்த வாக்கியத்தில் போர்ட் டிக்ஸ் முகாமின் எழுத்தர் மேசையையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சான்று அவருடைய சொந்த எழுத்து. இங்கேதான் அவரை ஆசிரியராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில், 1953இல் அமெரிக்கன் வீக்லி என்ற வார இதழில் அவருடைய வாழ்க்கைக் கதை தொடராக வந்தது. அந்த இதழ் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் நாளிதழ்களோடு நாடெங்கும் பரவிய இதழ். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1967இல், அவருடைய தன்வரலாறு நூலாக வெளிவந்தது. அதற்கு ஹாரி பெஞ்சமின் முன்னுரை எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி. 1953இல் எழுதியவர், நேற்றுவரை யாருக்கும் தெரியாதவராக இருந்து திடீரென்று உலகம் முழுவதற்கும் விளக்கம் சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட இருபத்தாறு வயதுப் பெண். 1967இல் எழுதியவர், நாற்பதைத் தாண்டிய, மேடைகளையும் செய்தியாளர்களையும் நன்கறிந்த தொழிற்கலைஞர். இடைப்பட்ட காலத்தில் சூழலும் மாறியிருந்தது: 1966இல் பெஞ்சமினின் மருத்துவ நூல் வெளிவந்திருந்தது, அதே ஆண்டில் பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இத்தகைய சிகிச்சைக்கென ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. எனவே அந்தத் தன்வரலாறு ஏன் அந்த ஆண்டில் வந்தது, யாரை நோக்கிப் பேசுகிறது என்ற கேள்விகளை உங்கள் கட்டுரை எழுப்ப வேண்டும்.

தன்வரலாற்றை நம்பலாமா என்று கேட்பார்கள். அதில் அவர் தம்மைக் கண்ணியமான, அமைதியான, சமயப்பற்றுள்ள பெண்மணியாகக் காட்ட மிகவும் பாடுபடுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாடுபடுதலே ஒரு சான்றுதான். தம் பெண்மையை ஒவ்வொரு நாளும் அயலார் முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், கையுறையும் தொப்பியும் மெல்லிய பேச்சுமாகத் தம்மை நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. நிகழ்ச்சிகளுக்கு அவருடைய நூலை முதன்மைச் சான்றாகக் கொள்ளுங்கள். அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் தனித்தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மருத்துவக் கட்டுரைகள் மூன்றாவது வகை. மேலே சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை ஹாம்பர்கர், உளநல மருத்துவர் கியோர்க் ஸ்ட்யூரப், அறுவை மருத்துவர் டால் ஐவர்சன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதினர். அது அவருடைய பெயரைச் சொல்லாமலே அவரைப் பற்றிப் பேசுகிறது. சிகிச்சை விவரங்களுக்கு அதைப் பார்க்கலாம். ஆனால் எவ்வளவு எழுதுவது என்பதில் கட்டுப்பாடு தேவை. என் கட்டுரையில் இந்தப் பகுதி ஒரே பத்திதான்: 1951 செப்டம்பரில் டென்மார்க் நீதித்துறை அமைச்சரின் சிறப்பு அனுமதியோடு முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது, 1952 நவம்பரில் கோபன்ஹேகன் ரிக்ஸ் மருத்துவமனையில் அடுத்தது நடந்தது, அமெரிக்காவுக்குத் திரும்பியபின் மேற்கொண்டு சிகிச்சை தொடர்ந்தது. அதற்குமேல் வாசகருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது? வேறெந்தப் பாடகியின் வாழ்க்கையிலும் நாம் கேட்காத விவரத்தை இவர் வாழ்க்கையில் மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஹாம்பர்கரின் இன்னொரு கட்டுரையோ உங்களுக்கு மிகவும் பயன்படும். அந்த முதல் பக்கச் செய்தி பரவியபின் உலகின் பல பகுதிகளிலிருந்து தமக்கு உதவி கேட்டு எழுதிய 465 பேரின் கடிதங்களை ஆராய்ந்து, அதே 1953இல் அவர் அதை வெளியிட்டார். நாளிதழ்கள் வேடிக்கையாகக் காட்டிய ஒருத்தியை, எங்கோ தனியாக இருந்த நூற்றுக்கணக்கானோர் ஒரு வாசல் திறந்ததாகக் கண்டார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. அந்த 465 என்ற எண்ணை அடிக்குறிப்பில் தள்ளிவிடாமல், முதல் பக்கச் செய்தியைச் சொல்லும் அதே பத்தியில் வையுங்கள்.

நான்காவது, குரல். 1950களின் இறுதியில் அவருடைய நேர்காணல் ஒன்று இசைத்தட்டாக வெளிவந்தது. பிற்காலத் தொலைக்காட்சிப் பதிவுகளும் உள்ளன. எழுதத் தொடங்குவதற்கு முன் ஒருமுறையாவது அவர் பேசுவதைக் கேளுங்கள். சற்றே தாழ்ந்த, நிதானமான, தேர்ந்த பேச்சு. நுழையக் கூடாத கேள்வியொன்று வரும்போது அவர் எப்படி ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுமொழி சொல்கிறார் என்பதைக் கேட்டபின் உங்கள் நடையே மாறும். 1968இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தரங்கமான கேள்வியொன்று கேட்கப்பட்டபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எந்தக் கேள்விக்கும் சிரித்தபடி பதில் சொல்பவர் என்ற படிமத்தோடு இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

1970இல் அவருடைய வாழ்க்கையை வைத்து இர்விங் ராப்பர் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்தைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது 1970இன் பார்வைக்குச் சான்று, அவ்வளவே.

சட்டத்தையும் காலத்தையும் பின்னணியில் வைத்தல்

காலப் பின்னணியைத் தனி அத்தியாயமாகப் பிரித்து எழுதினால் வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். நிகழ்ச்சிகளோடு சேர்த்தே சொல்லுங்கள். அவர் ஏன் டென்மார்க் போனார் என்ற இடத்தில், ஆரோக்கியமான உறுப்பை அகற்றினால் அங்கச்சிதைவுக் குற்றமாகிவிடும் என்று அமெரிக்க மருத்துவர்கள் அஞ்சினர் என்பதைச் சொல்லலாம். 1953 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐடில்வைல்டு விமான நிலையத்தில் செய்தியாளர் கூட்டத்துக்கு நடுவே அவர் இறங்கிய காட்சியில், அதே நகரத்தில் 1845ஆம் ஆண்டு மாறுவேடச் சட்டத்தைப் பயன்படுத்திக் காவல்துறை எதிர்பாலின உடையணிந்தோரைக் கைதுசெய்துவந்தது என்பதைச் சொல்லலாம். நியூயார்க் போஸ்ட் தொடர் வந்த அதே 1953 ஏப்ரலில்தான், அதிபர் ஐசன்ஹோவர் 10450 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அது 'பாலியல் பிறழ்வு' என்று பெயரிட்டதைக் கூட்டாட்சி அரசுப் பணியிலிருந்து நீக்குவதற்கான காரணமாக்கியது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்தாலே போதும். அந்த மாதத்தில் அவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

ஆவணங்களின் கதையை இன்னும் விரித்தே எழுத வேண்டும், ஏனெனில் அவருடைய வாழ்க்கையில் ஆழமாகக் காயப்படுத்தியது நாளிதழ் மட்டும் அன்று. 1952இல் கோபன்ஹேகனில் இருந்தபோது, அன்றைய அமெரிக்கத் தூதர் யூஜினி ஆண்டர்சனை அணுகி, கிறிஸ்டின் என்ற பெயரில் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டார். அமெரிக்காவின் முதல் பெண் தூதரான ஒருவர் அந்தப் பொறுப்பில் இருந்த காலம் அது. ஆக, நாட்டின் எல்லையைக் கடக்க அவர் பெண்ணாகவே ஏற்கப்பட்டார். 1959இல் அவரும் அவர் மணக்க இருந்தவரும் நியூயார்க் நகர அலுவலகத்தில் திருமண உரிமம் கேட்டபோது, அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஆண் என்றிருப்பதைக் காட்டி உரிமம் மறுக்கப்பட்டது. இந்தச் செய்தி வெளியானதில் அந்த மனிதர் தம் வேலையையும் இழந்தார். கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் எதிரெதிரே வைத்து இந்தப் பகுதியை எழுதுங்கள். வருத்தம் தெரிவிக்கும் அடைமொழிகள் தேவைப்படாது. மணக்க இருந்தவருடைய பெயரை நான் எழுதுவதில்லை. அவர் பொதுவாழ்வைத் தேடி வந்தவர் அல்லர்.

'முதல்' என்ற சொல்லைக் கையாளுதல்

உலகின் முதல் பால்மாற்ற அறுவைச் சிகிச்சை இவருக்குத்தான் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1919இல் பெர்லினில் ஜெர்மன் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம் இத்தகையோருக்கு உதவிவந்தது; டென்மார்க்கைச் சேர்ந்த ஓவியர் லிலி எல்பே 1930இல் ஜெர்மனியில் சிகிச்சை தொடங்கி, 1931இல் இறந்தார். 1933இல் நாஜிகள் அந்த நிறுவனத்தைச் சூறையாடி அதன் நூல்களை எரித்தபோது, அந்த அறிவில் பெரும்பகுதி மக்கள் நினைவிலிருந்தே அழிந்தது. கிறிஸ்டினை முதல்வர் என்று அமெரிக்க நாளிதழ்கள் எழுத முடிந்ததற்கு அந்த அழிவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அமெரிக்காவில் இந்த வகையில் நாடறிந்த முதல் பெண்மணி என்று எழுதினால் பிழையிராது.

புகழ் ஏன் இவருக்குக் கிடைத்தது என்றும் எழுத வேண்டும். வெள்ளையர், முன்னாள் படைவீரர், இளமையும் அழகும் உள்ளவர், நாகரிகமாகப் பேசுபவர். 1953இல் நியூயார்க் வட்டார ஸ்காண்டிநேவியச் சங்கம் அவரை அந்த ஆண்டின் பெண்மணியாகத் தேர்ந்து பாராட்டும் அளவுக்கு ஏற்கத்தக்கவர். இந்தத் தகுதிகள் இல்லாத மற்றவர்களுக்கு அதே வாசல் அவ்வளவாகத் திறக்கவில்லை. செவிலியராகவும் ஜாஸ் பாடகியாகவும் இருந்த கறுப்பினத் திருநங்கை டெலிசா நியூட்டன், 1966இல் கறுப்பின வாசகர்களுக்கான செபியா இதழில் தம் கதையை எழுதினார். வெள்ளையராக இருந்திருந்தால் பாதிக் காலத்தில் முடிந்திருக்கும் சிகிச்சைக்குத் தாம் இருமடங்கு காத்திருக்க நேர்ந்தது என்று அதில் வருந்தினார். இருவருமே மேடையில் பாடியவர்கள், இருவருமே எழுதியவர்கள். நியூட்டனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்காத கட்டுரை கிறிஸ்டினைப் பற்றியும் முழுமையாகச் சொன்னதாகாது. டென்மார்க் வாசலும் விரைவில் மூடப்பட்டது: விண்ணப்பங்கள் குவிந்ததால், அந்நாடு வெளிநாட்டவருக்கு இச்சிகிச்சையை மறுக்கத் தொடங்கியது.

பிற்காலத்தை எழுதுதல்

பெரும்பாலான கட்டுரைகள் 1967க்குப் பின் இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1970களில் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவாற்றினார். இரவு விடுதியில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பாடியவர், இப்போது கேள்வி கேட்க வந்த மாணவர்களுக்குப் பதில் சொன்னார். அவருடைய மூன்றாவது தொழில் என்று அதை அழைப்பேன். 1970இல் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, தம் கட்சியைச் சேர்ந்த செனட்டர் சார்லஸ் குடெல்லைப் பழிக்க அவரைக் குடியரசுக் கட்சியின் கிறிஸ்டின் ஜோர்கென்சன் என்று அழைத்தார். அந்தப் பெயருக்கு உரியவர் மன்னிப்புக் கேட்கும்படி வெளிப்படையாகக் கோரினார், ஆக்னியூ மறுத்தார். ஒருவருடைய பெயரே வசைச்சொல்லாக்கப்பட்ட இந்த நிகழ்ச்சியில் கோரிக்கையையும் மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள். வசையை மட்டும் எழுதினால் நாமும் அதைத்தான் திரும்பச் சொன்னவர்களாவோம்.

அவர் 1989 மே 3 அன்று கலிபோர்னியாவின் சான் கிளெமென்டே நகரில் புற்றுநோயால் இறந்தார். அறுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு இன்னும் இருபத்தேழு நாள்கள் இருந்தன. நிழற்படம் சேர்ப்பதானால், சிகிச்சைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இணைத்து வைக்கும் பழைய நாளிதழ் வழக்கத்தைத் தவிர்த்து, மேடையில் பாடும் படத்தையோ மேசையில் அமர்ந்து நூலில் கையெழுத்திடும் படத்தையோ தேடி எடுங்கள். படத்தின் கீழ் ஆண்டையும் ஊரையும் மட்டும் எழுதினால் போதும். அவர் விட்டுச்சென்ற தாள்களின் தொகுப்பு கோபன்ஹேகனிலுள்ள டென்மார்க் அரச நூலகத்தில் இருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் அந்த நூலகத்தின் பெயரைக் குறிப்பிட மறவாதீர்கள். மேலும் தேட விரும்பும் வாசகர் அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.